கைமாறி வரும் பெரிய பிசினஸ் ஜெட் வாங்கும் முறை

வெளிப்பூச்சையும் இருக்கைத் தோலையும் கடைசியில் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியவை லாக்புக்குகள், அதாவது விமானத்தின் பறப்பும் பராமரிப்பும் எழுதப்பட்ட பதிவேடுகள். விமானம் தொழிற்சாலையை விட்டு வந்த நாள் முதல் ஒரு பக்கமும் விடுபடாமல் இருக்க வேண்டும். லாக்புக் தொலைந்த விமானத்தை நீங்கள் விற்கும் நாளிலும் விலை அடிபடும்.

அடுத்து, பெரிய பரிசோதனை எப்போது வருகிறது என்று பாருங்கள். உதாரணமாக, சேலஞ்சர் 604 என்ற பிசினஸ் ஜெட்டில் 96 மாதத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனை நெருங்கியிருந்தால், அந்தச் செலவை விலையில் கழித்தே பேசுங்கள். என்ஜின்கள் மணிக்கணக்கில் பணம் கட்டும் பராமரிப்புத் திட்டத்தில் இருக்கின்றனவா, பாக்கி உண்டா, திட்டம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதைத் திட்ட நிறுவனத்திடமே எழுத்தில் வாங்குங்கள். ஏபியு எனும் துணை என்ஜினுக்கும் இதையே கேளுங்கள்; அதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

வாங்க விரும்புவதாக விருப்பக் கடிதம் கொடுத்து, திருப்பித் தரக்கூடிய முன்பணத்தை எஸ்க்ரோவில் (இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் நபர் வைத்திருக்கும் கணக்கில்) போட்டபின், வாங்குவதற்கு முந்தைய பரிசோதனை. இதுவரை அந்த விமானத்தைப் பராமரித்த பணிமனையில் அதைச் செய்யாதீர்கள். தன் வேலையில் தானே குறை காண யாருக்கும் மனம் வராது. என்ஜினுக்குள் போரஸ்கோப் எனும் மெல்லிய கேமராக் குழாய் விட்டு எரிப்பறையில் விரிசல், டர்பைன் இறக்கைகளின் முனையில் தேய்மானம் பார்க்கச் சொல்லுங்கள். கழிவறை, சமையலிடத் தரைப்பலகைகளைத் தூக்கச் சொல்லுங்கள்: கசிந்த நீர் தேங்கி அரிப்பு தொடங்குவது அங்கேதான். பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறைகளை விற்பவர் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

பணம் கைமாறும் முன் பதிவு நாட்டின் ஆவணங்களிலும், விமானங்கள் மீதான கடன் உரிமைகளைப் பதியும் கேப்டவுன் உடன்படிக்கையின் சர்வதேசப் பதிவேட்டிலும் விமானத்தின் மேல் கடன் பிடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். என்ஜின்களுக்குத் தனியே தேட வேண்டும்.