வெட்டிங் பிளானர் எதற்கு, எப்படித் தேர்ந்தெடுப்பது: ஒரு கல்யாண போட்டோகிராபர் சொல்லும் யோசனைகள்

கல்யாண ஆல்பத்துக்குப் படங்களைப் பிரித்தெடுக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டில் பொறுப்பான ஆள் என்று பெயர் எடுத்த ஒருவர், பெரும்பாலும் பெண்ணின் அண்ணன் அல்லது மாப்பிள்ளையின் அக்கா, முக்கியமான நேரத்துப் படங்களில் இருக்க மாட்டார். ஓரத்தில் எங்காவது தட்டுப்பட்டாலும் காதில் போன் இருக்கும். மேடையில் தம்பிக்குக் கல்யாணம் நடக்கும். அக்கா பின்வாசலில் நின்று, வழி தெரியாமல் சுற்றும் பூ வண்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பார். ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான் "அக்கா படம் ஏன் இவ்வளவு குறைவு?" என்று வீட்டில் கேட்பார்கள்.

நல்ல பிளானர் இருக்கும் கல்யாணத்தில் அந்த அக்கா மேடைக்குப் பக்கத்தில் நிற்பார். பிளானர் வைக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்கும் ஜோடிகளுக்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான். செலவு, வசதி எல்லாம் அப்புறம்.

அவர் செய்யும் வேலை

பிளானர் என்றாலே பூ அலங்காரம், மேடை டிசைன் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு டெக்கரேஷன்காரர் தனியாக இருக்கிறார். ஒரு கல்யாணத்தில் மண்டபம், சாப்பாடு, மேக்கப், ஒலி, விளக்கு, போட்டோ, வண்டி என்று குறைந்தது ஏழெட்டு தரப்பு வேலை செய்கிறோம். எங்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்போம். யார் எப்போது உள்ளே வர வேண்டும், யார் முடித்த பிறகு யார் தொடங்க வேண்டும் என்று எங்கள் எல்லோருடைய நேரத்தையும் ஒரே தாளில் கோத்துவைப்பவர் பிளானர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விழா காலை 10 மணிக்கு. அதற்கு முன் தனிப்படங்கள் எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவே 9 மணிக்கு மணப்பெண் தயாராக இருக்க வேண்டும். அவருக்கு மேக்கப்பும் தலை அலங்காரமும் சேர்த்து இரண்டு மணி நேரம். கூட அம்மா, தங்கை, தோழிகள் என்று 4 பேர். ஆளுக்கு 45 நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். மேக்கப் செய்பவர் ஒரே ஆள் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை 4 மணிக்குத் தூரிகையைக் கையில் எடுத்தால்தான் முடியும். பொருட்களை எடுத்து வைக்க அரை மணி நேரம் சேர்த்தால் 3.30. இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டால், ஒருவர் மணப்பெண்ணையும் மற்றவர் மீதிப் பேரையும் பார்ப்பார்கள். 6 மணிக்குத் தொடங்கினால் போதும். வீட்டுப் பெண்கள் எல்லோரும் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். நன்றாகத் தூங்கிய தெளிவு முகத்தில் தெரியும். மேக்கப்பால் அதை ஈடுகட்ட முடியாது. இந்தக் கணக்கை யாராவது ஒருவர் இரண்டு மாதம் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். பிளானர் இல்லாவிட்டால், பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரிதான் அது ஞாபகத்துக்கு வரும்.

அந்த அறையிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஒரு ஹேர் டிரையர் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். இரண்டை ஒரே லைனில் ஓட்டினால் பல இடங்களில் ட்ரிப் ஆகிவிடும். அனுபவமுள்ள பிளானர் மண்டபத்தைப் பார்க்கப் போகும்போதே பிளக் பாயிண்டுகளை எண்ணுவார். ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி லைன் இருக்கிறதா, ஜெனரேட்டரை முழு லோடில் ஒருமுறை ஓட்டிக் காட்ட முடியுமா என்றும் கேட்பார். இதையெல்லாம் கேட்க வேண்டும் என்றே முதல்முறையாகக் கல்யாணம் செய்யும் ஜோடிக்குத் தெரிய வாய்ப்பில்லை. அது அவர்கள் குறையும் இல்லை.

குரூப் படங்களும் இப்படித்தான். எவ்வளவு வேகமாக எடுத்தாலும் ஒரு குடும்பத்தை நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, குழந்தையைப் பார்க்கவைத்து முடிக்க மூன்று நிமிடம் ஆகும். 20 குரூப் என்றால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் விருந்தினர்கள் என்ன செய்வார்கள், வயதானவர்களின் படத்தை முதலில் எடுத்து அனுப்பிவிடலாமா, பெயர் சொல்லிக் கூப்பிட யார் நிற்பார்கள்? உங்கள் சித்தப்பா யார், பெரியப்பா யார் என்று எனக்குத் தெரியாது. பிளானர் அதற்கு ஓர் ஆளை நிறுத்திவிட்டால் என் வேலை இழுபடாமல் முடியும்.

பணம் மிச்சமாகுமா

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பிளானருக்குக் கொடுக்கும் கட்டணம் அப்படியே திரும்பிவிடும் என்று எண்ணி வைக்காதீர்கள். சில நேரம் திரும்பும், சில நேரம் திரும்பாது. இரட்டைச் செலவும் கடைசி நேரச் செலவும் குறையும் என்பது நிச்சயம். மண்டப வாடகையிலேயே நாற்காலியும் மைக்கும் அடக்கமாக இருக்கும். டெக்கரேஷன் கொட்டேஷனில் அதே நாற்காலிக்கு மறுபடி ஒரு தொகை போட்டிருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் இருந்தால்தான் அது கண்ணில் படும்.

ஒப்பந்தங்களை ஊன்றிப் படிப்பதும் அவர் வேலை. எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, தேதி மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும், வருவதாகச் சொன்னவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பதிலுக்கு யார் வருவார்? என் ஒப்பந்தத்திலும் இந்தக் கேள்விகளைப் பிளானர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களிடம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இன்னொன்று, மொத்த பட்ஜெட்டில் 10 சதவீதத்தை எதற்கும் ஒதுக்காமல் வைக்கச் சொல்வார். அப்படியே செய்யுங்கள். அந்தப் பணத்துக்கு ஏதாவது ஒரு வேலை கட்டாயம் வந்து சேரும்.

உங்கள் இருவருக்குள்

கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் என்னைப் பார்க்க வரும்போதே சிலர் களைத்துப்போயிருப்பார்கள். போனில் பேசுவதெல்லாம் கொட்டேஷன், நிறம், அழைப்பிதழ் என்றாகிவிட்டது என்பார்கள். பிளானர் வந்ததும் நூறு கேள்விகளும் அவரிடம் போய், வடிகட்டி, "இந்த இரண்டில் எது? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று வரும். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் கல்யாணப் பேச்சு, மற்ற நாட்களில் உங்கள் பேச்சு என்று பிரித்துக்கொள்ள முடியும்.

வீட்டுப் பெரியவர்கள் விஷயத்திலும் அவர் பெரிய உதவி. "இத்தனை பேருக்கு மேல் இந்த ஹாலில் உட்கார முடியாது" என்று மருமகள் சொன்னால் அது மனத்தாங்கலாகும். அதையே பிளானர் வரைபடத்தோடு வந்து சொன்னால் கணக்காக எடுத்துக்கொள்வார்கள். 5 அடி விட்டமுள்ள வட்ட மேசையில் 8 பேர் வசதியாக உட்காரலாம், 10 பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம். 200 பேருக்கு முதல் கணக்கில் 25 மேசை, இரண்டாவது கணக்கில் 20. மேசைகளுக்கு இடையில் பரிமாறுபவர் நடக்க வழி விட வேண்டும் என்பதையும் வரைந்து காட்டினால் வாக்குவாதம் அங்கேயே தணிந்துவிடும்.

எந்த வகை, எப்போது

மூன்று விதமாக வேலை எடுத்துக்கொள்கிறார்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை எல்லாம் அவரே பார்ப்பது ஒன்று. மண்டபம், சாப்பாடு போன்ற பெரியவற்றை நீங்கள் முடித்துவிட்டு மீதியை மட்டும் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, கல்யாண நாள் ஒருங்கிணைப்பு. பெயர்தான் ஒருநாள், நன்றாகச் செய்பவர்கள் நான்கிலிருந்து ஆறு வாரம் முன்னாலேயே எல்லா ஒப்பந்தங்களையும் வாங்கிப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இருவருக்கும் வேலைப் பளு அதிகம், கல்யாணம் வேறு ஊரில், நிகழ்ச்சிகள் ஒன்றுக்கு மேல் என்றால் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள். கையில் பணம் குறைவு என்றால் மூன்றாவதை மட்டுமாவது எடுங்கள். மேடைப் பூவில் கால்வாசியைக் குறைத்துவிட்டு அதற்குச் செலவழிக்கலாம் என்பது என் அழுத்தமான கருத்து. பூவின் அளவு குறைந்ததை யாரும் கவனிப்பதில்லை. சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் எல்லோரும் கவனிக்கிறார்கள்.

முழுப் பொறுப்பு என்றால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பிளானரை அமர்த்துங்கள். சாமான் வண்டி எந்த வாசல்வரை வரும், மழை வந்தால் எங்கே மாற்றுவது, சக்கர நாற்காலி போக வழி இருக்கிறதா என்பதெல்லாம் இடத்தோடு சேர்ந்தே முடிவாகிவிடுகிறது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு அதில் மாற்ற அதிகம் இல்லை.

நேரில் பார்க்கும்போது என்ன கேட்பது

அழகான படங்களைக் காட்டுவார்கள். அந்தப் படங்களை எடுத்தது என்னைப் போன்ற ஒருவர். அவற்றை வைத்துப் பிளானரின் திறமையை எடைபோட முடியாது. முன்பு செய்த ஒரு கல்யாணத்தின் நேர அட்டவணையை, பெயர்களை மறைத்துவிட்டு, காட்டச் சொல்லுங்கள். "காலை: மேக்கப், மதியம்: சாப்பாடு" என்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 10, 15 நிமிட இடைவெளிகளில், ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பொறுப்பாளர் பெயரும் போன் நம்பரும் இருந்தால் அவர் தொழில் தெரிந்தவர்.

அன்றைக்கு நேரில் நிற்கப்போவது யார் என்று கேட்டு, அந்தப் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பேசுவது ஒருவர், வருவது வேறொருவர் என்பது இந்தத் தொழிலில் சகஜம். அதே நாளில் வேறு கல்யாணம் எடுத்திருக்கிறாரா என்பதும் முக்கியம்.

கட்டணம் ஒரே தொகையாகவோ, மொத்தச் செலவில் சதவீதமாகவோ இருக்கும். சதவீதம் என்றால் நீங்கள் அதிகம் செலவழிக்கச் செலவழிக்க அவருக்கு வருமானம் கூடும். நேர்மையாக அப்படி வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டும் கிடைத்தால் ஒரே தொகையைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களிடமிருந்து கமிஷன் வாங்குவாரா என்று தயங்காமல் கேளுங்கள். வாங்குவேன் என்று வெளிப்படையாகச் சொல்பவரோடு பேசலாம். கேள்வியைத் தட்டிக்கழிப்பவரோடு வேண்டாம். எதைக் கேட்டாலும் "செய்துவிடலாம்" என்று மட்டும் சொல்பவரும் வேண்டாம். உங்கள் பட்ஜெட்டில் இது முடியாது என்று முதல் சந்திப்பிலேயே ஒரு தடவையாவது சொல்பவரை நம்பலாம்.

அவர் நடத்திய கல்யாணத்தின் ஜோடிகளிடம் விசாரிப்பது எல்லோரும் செய்வது. அதோடு அவருடன் வேலை செய்த ஒலிக்காரரிடமோ விளக்குக்காரரிடமோ இரண்டு நிமிடம் பேசுங்கள். நெருக்கடியில் அவர் நிதானமாக இருப்பாரா, பாக்கியைச் சொன்ன நேரத்தில் கொடுக்க வைப்பாரா என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

வைத்த பிறகு

உண்மையான பட்ஜெட்டைச் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் வரும் யோசனைகளும் குறைவாகவே இருக்கும். இரு வீட்டிலும் ஆளுக்கொருவரை முடிவெடுப்பவராக வைத்துவிடுங்கள்; ஐந்து பேர் ஐந்து விதமாகப் போன் செய்தால் எந்தப் பிளானராலும் சமாளிக்க முடியாது. பேசி முடித்ததை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுத்தில் போடச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் டெக்கரேஷன்காரரிடம் நேராகப் பேசி எதையாவது மாற்றினால், ஒரு தாளில் கோத்ததெல்லாம் அவிழ்ந்துவிடும். யார் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது, யாருக்கு முட்டிவலி, யாருக்கு நேரத்துக்கு மாத்திரை என்பதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். வெளியில் சொல்லத் தயங்கும் இந்த விவரங்கள்தான் அன்றைக்கு அதிகம் உதவும்.

யாரை அழைப்பது, பழைய மனஸ்தாபத்தை எப்படித் தீர்ப்பது போன்றவற்றை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். அது உங்கள் வீட்டு விஷயம்.

எந்த வகையிலும் பிளானர் வைக்க முடியாத நிலை என்றால், நெருங்கிய சொந்தமாக இல்லாத, படத்தில் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய ஒரு நண்பரை முன்கூட்டியே கேளுங்கள். நேர அட்டவணை, எல்லோருடைய போன் நம்பர், பெயர் எழுதிய உறைகளில் பாக்கிப் பணம், சின்ன விஷயங்களில் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை, இந்த நான்கையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவரையும் போட்டோகிராபரையும் பத்து நிமிடம் பேச வையுங்கள். குரூப் படங்களின் பட்டியலைப் பெயர்களோடு, எடுக்க வேண்டிய வரிசையில், அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.