விளையாடும்போது மட்டும் அணைந்துபோன கணினி

கேம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். மற்ற வேலைகளில் ஒன்றும் ஆகாது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கர்னல்-பவர் 41’ என்ற பிழைப் பதிவு மட்டும் இருந்தது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்றுதான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. சூடு அளவோடுதான் இருந்தது, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டில் ரேமும் தேறியது.

அப்புறம் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பை) 70 சதவீதமாகக் குறைத்தேன். ரீஸ்டார்ட் நின்றுவிட்டது! சரி, கோளாறு மின்சாரம் போகும் வழியில்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தால், கார்டின் இரண்டு 8 பின் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிள்தான் கிளை பிரிந்து போயிருந்தது. ஒவ்வொரு சாக்கெட்டும் 150 வாட் வரை இழுக்கக்கூடியது; இரண்டின் சுமையும் அந்த ஒரே கேபிளில்தான். பவர் சப்ளையோடு வந்த இன்னொரு கேபிளை எடுத்து, தனித்தனியே மாட்டினேன். லிமிட்டை மறுபடி 100க்கு ஏற்றியும் இப்போது அணைவதில்லை.

வேறு மாடல் பவர் சப்ளையின் கேபிளை மட்டும் மாட்டிவிடாதீர்கள்; பின்களின் (pin) வரிசை மாறியிருந்தால் கார்டே போய்விடும்.