லினக்ஸில் கார்டு ரீடர்: டிரைவர் தேடி அலைவதற்கு முன்

யுஎஸ்பி கார்டு ரீடரைச் செருகியும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் பலர் உடனே டிரைவர் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. கடையில் கிடைக்கும் ரீடர்களில் அநேகம் யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் வகை, அதாவது பென் டிரைவ் போன்றவை. அதற்கான மாட்யூல், அதாவது டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடேயே வந்துவிடுகிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்திலும் அப்படித்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரீடர் வேறு, அதில் இருக்கும் கார்டு வேறு என்பதைச் சிஸ்டம் புரிந்துவைத்திருக்கிறது. நாம்தான் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறோம். பல ஸ்லாட் உள்ள ரீடரைச் செருகினால் ஒவ்வொரு ஸ்லாட்டும் எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி என்று தனித்தனி டிரைவாகப் பதிவாகலாம். மவுண்ட் செய்வது என்றால் உள்ளே இருக்கும் ஃபைல்களைத் திறக்கும்படி சிஸ்டத்தோடு இணைப்பது. காலி ஸ்லாட்டை அப்படி மவுண்ட் செய்யப் பார்த்தால் மீடியம் (அதாவது கார்டு) இல்லை என்று பிழை வரும். ரீடர் கெட்டுவிட்டது என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கார்டு போடுவதற்கு முன் ஒரு முறை, போட்ட பின் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். காலி ஸ்லாட்டுகள் அளவு 0 என்று வரும், அல்லது பட்டியலிலேயே இருக்காது. புதிதாக அளவோடு வருவதுதான் உங்கள் கார்டு. மவுண்ட் செய்யும்போதும் எஸ்டிபி என்று கொடுக்காமல், அதற்குள் இருக்கும் பகுதியான (பார்ட்டிஷன்) எஸ்டிபி1 என்று கொடுங்கள்.

அந்தப் பெயரையும் மனப்பாடம் செய்து வைக்காதீர்கள். நேற்று எஸ்டிபி ஆக இருந்தது, இன்று வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று முன்பே செருகப்பட்டிருந்தால் எஸ்டிசி ஆகிவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்காகக் கார்டில் இயங்குதள இமேஜ் எழுதுகிறவர்கள், டிரைவில் நேரடியாக எழுதும் பழைய டிடி கட்டளையை ஹிஸ்டரியிலிருந்து எடுத்து அப்படியே தட்டுவது இந்த வேலையிலேயே ஆபத்தான பழக்கம். டிடி எதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளாது; அழித்துக்கொண்டே போகும். நிலையான பெயர் கிடைக்குமே என்று, சாதனங்களை அவற்றின் அடையாளத்தால் பட்டியலிடும் 'பை-ஐடி' பாதையை நம்புபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: யுஎஸ்பி ரீடர்களில் அது பொதுவாக ரீடரின் அடையாளம். கார்டை மாற்றினாலும் பெயர் மாறாது. கார்டில் உள்ள ஃபைல் சிஸ்டத்தை அடையாளம் காட்டுவது யுயுஐடி என்ற தனிக் குறியீடு.

கணினி தொடங்கும்போது எவற்றை மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதும்போதும் அந்த யுயுஐடியையே பயன்படுத்தி, 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், கார்டு இல்லாமல் கணினியை இயக்கும் அன்று, கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்தும். எப்போதாவது செருகும் கார்டுக்கு எஃப்எஸ்டேப் வரியே அவசியமில்லை என்பது என் கருத்து.

மவுண்ட் ஆனபின் ஃபைல் எழுத அனுமதி இல்லை என்று வந்தால், எல்லோருக்கும் அனுமதி தரும் சிஎச்மாட் 777 கட்டளையைப் போட்டுப் பயனில்லை. கார்டுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட் வகை ஃபைல் சிஸ்டங்களில் யுனிக்ஸ் அனுமதிகளைச் சேமிக்க இடமே கிடையாது. மவுண்ட் செய்யும்போதே யுஐடி (யார் உரிமையாளர்), யுமாஸ்க் (எந்த அனுமதிகளை மறுப்பது) இரண்டையும் கொடுக்க வேண்டும்.

64 ஜிபி கார்டு மட்டும் திறக்க மறுக்கிறதா? எஸ்டிஎக்ஸ்சி எனப்படும் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் வருகின்றன. அதற்கான முறையான டிரைவர் கர்னல் 5.7இல், 2020இல்தான் சேர்ந்தது. பழைய சிஸ்டங்களில் எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் என்ற மென்பொருளை நிறுவினால் போதும். பதற்றத்தில் ஃபார்மட் செய்தால் படங்கள் போய்விடும். ரீடரே 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகளின் காலத்துக்கும் முந்தையது என்றால் எந்தக் கட்டளையும் உதவாது, புது ரீடர்தான் வாங்க வேண்டும்.

காப்பி முடிந்ததாகக் காட்டியதும் கார்டை உருவாதீர்கள். தரவு இன்னும் ரேமில் இருக்கலாம். அன்மவுண்ட் கட்டளை முடிந்து ப்ராம்ப்ட் திரும்பும்வரை பொறுங்கள். 'இஜெக்ட்' கொடுத்தால் சில ரீடர்கள் மீண்டும் செருகும்வரை உறங்கிவிடும். கார்டை மட்டும் மாற்றுவதற்கு அன்மவுண்ட் போதும்.

எழுத முடியாதபடி பூட்டியிருப்பதாகச் செய்தி வந்தால் முதலில் அடாப்டரின் பக்கவாட்டுச் சுவிட்சைப் பாருங்கள், கை பட்டாலே அது நகர்ந்துவிடும். சுவிட்ச் சரியாக இருந்தும், வேறு ரீடரிலும் அதே செய்தி வந்தால், ஆயுள் முடிந்த கார்டு தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கக்கூடும். படிக்க முடிகிறபோதே படங்களை வெளியே எடுத்துவிடுங்கள்.