சர்வர் செத்துவிட்டதா, பதில்தான் வரவில்லையா?

ஏற்காட்டில் மழை பிடித்தால் எங்கள் கேம் சர்வரின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். சித்தப்பா மகன் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் வீட்டிலேயே கவுன்டர் ஸ்டிரைக் சோர்ஸ் என்ற துப்பாக்கி விளையாட்டுக்கு ஒரு சர்வர் வைத்திருக்கிறான். எத்தனை பேர் ஆடுகிறார்கள், எந்த மேப் ஓடுகிறது என்று காட்ட, அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து நான் எழுதியது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். சிவப்பைப் பார்த்துப் பதறிப் போன் போட்டால், "அண்ணா, பத்து பேரு ஆடிட்டிருக்கோம், நீங்க வேற!" என்பான்.

தவறு என்னுடையதுதான். இந்தக் கேள்வி பதில் எல்லாம் யுடிபி என்ற இணைய அனுப்பு முறையில் நடக்கிறது. அது சாதாத் தபால் மாதிரி. போட்டதோடு சரி, போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு பாக்கெட் (தகவல் பொட்டலம்) வழியில் தொலைந்ததற்கு நான் சர்வருக்கே சாவுச் செய்தி போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வினாடி டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு), மூன்று முயற்சி, அப்புறமும் பதில் இல்லையென்றால் "பதில் இல்லை" என்று மட்டும் காட்டுங்கள். கடைசியாகக் கிடைத்த விவரத்தை நேரத்தோடு பக்கத்திலேயே போடுங்கள். டைம்அவுட்டே வைக்காமல் விடுவது இன்னும் மோசம். வராத பதிலுக்காக ஸ்கிரிப்ட் விடிய விடியக் காத்திருக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது வேறொரு இடத்தில். இந்த விளையாட்டைச் செய்த வால்வ் நிறுவனத்தின் ஏ2எஸ் என்ற கேள்வி முறையில் சர்வர் விவரம் கேட்கும் பாக்கெட் வெறும் 25 பைட்: 255 நான்கு முறை, பிறகு 84, பிறகு ஒரு நிலையான வாக்கியம், முடிவில் பூஜ்யம். முன்பெல்லாம் கேட்டவுடன் பதில் வந்துவிடும். கேள்வி சின்னது, பதில் பெரியது. அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுக் கேட்டால் பதில் மூட்டை வேறு யார் தலையிலோ போய் விழும். அந்தத் தாக்குதலைத் தடுக்க, 2020 டிசம்பரில் இதற்கும் சேலஞ்ச் என்ற சரிபார்ப்பு வந்தது. சர்வர் முதலில் நான்கு பைட் எண்ணை அனுப்பும். அதைக் கேள்வியின் வாலில் ஒட்டி மறுபடி கேட்க வேண்டும். பழைய நிரலை அப்படியே எடுத்து ஓட்டினால் என்ன ஆகும்? எனக்குச் சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று கிறுக்கல் எழுத்து வந்தது. பதிலின் ஐந்தாவது பைட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: 73 என்றால் விவரம், 65 என்றால் சேலஞ்ச். எல்லாச் சர்வரும் சேலஞ்ச் கேட்காது, ஆகவே இரண்டுக்கும் தயாராக எழுதுங்கள்.

முதல் பைட் 255க்குப் பதில் 254 ஆக இருந்தால், பதில் துண்டு துண்டாக வருகிறது என்று பொருள். ஆட்டக்காரர் பட்டியல் நீளமானால் இப்படி நடக்கும். வந்த வரிசையில் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் எண் இருக்கிறது.

பெயரைப் படிப்பதில் நான் பட்டது தனிக் கதை. தம்பி சர்வருக்கு "ஏற்காடு" என்று தமிழிலேயே பெயர் வைத்தான். கண்ணுக்கு நான்கு எழுத்து. யுனிகோடு கணக்கில் ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக் குறி என்று ஏழு. கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொன்றுக்கும் மூன்றாக, 21 பைட். நானோ பாக்கெட் முழுவதையும் முதலில் எழுத்தாக மாற்றிவிட்டு, பிறகு இடம் எண்ணினேன். எல்லாம் நகர்ந்துபோய், பத்துப் பேர் ஆடும் சர்வரில் நூற்றுச் சொச்சம் பேர் என்று காட்டியது. பெயர் முடிந்ததைக் காட்டும் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று பைட்டிலேயே தேடுங்கள், அங்கே வெட்டுங்கள், வெட்டியதை மட்டும் எழுத்தாக்குங்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில் பூஜ்யம் கிடையாது, நீளத்தை முன்னாலேயே சொல்லிவிடும். அந்த நீளமும் பைட் கணக்குதான். அது பதில் அனுப்பும் ஜேசன் என்ற தரவு வடிவில் சர்வர் விளக்கம் சில சமயம் வெறும் வாக்கியமாக வரும், சில சமயம் பல புலங்கள் கொண்ட ஆப்ஜெக்டாக வரும். ஆட்டக்காரர் சிலரின் பெயரை மாதிரிக்குக் காட்டும் பட்டியல் இல்லாமலும் வரலாம்.

சர்வர் சொல்வதை அப்படியே பக்கத்தில் கொட்டவும் கூடாது. ஆட்டக்காரர் தன் பெயரிலேயே எச்டிஎம்எல் எழுதிவைக்கலாம். அதன் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றி, அதாவது எஸ்கேப் செய்துதான் காட்ட வேண்டும். ஆள் எண்ணிக்கையில் பல சமயம் பாட்களும் (கணினியே ஆடும் ஆட்டக்காரர்கள்) சேர்ந்திருக்கும், கழித்துவிடுங்கள். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்காகவும் சர்வரைத் தட்டாமல், அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒன்று. தம்பி தன் வீட்டு வைஃபையிலிருந்தே தன் பொது ஐபிக்கு (வெளி இணையத்துக்குத் தெரியும் முகவரிக்கு) கேள்வி அனுப்பிப் பார்த்துவிட்டு, "போர்ட் திறக்கவே இல்லை" என்று ஒரு ஞாயிறு முழுக்க ரௌட்டரோடு மல்லுக்கட்டினான். உள்ளிருந்து வெளியே போய் உள்ளேயே திரும்பும் இந்தப் பாதைக்கு ஹேர்பின் என்றே பெயர். பல ரௌட்டர்களுக்கு அது வராது. ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு, அவன் ரௌட்டருக்கு ஒன்றுகூடத் திரும்பத் தெரியவில்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறிக் கேட்டான். முதல் முயற்சியிலேயே பதில் வந்தது.