கையடக்கக் கணினிக்கு இரண்டாவது திரை: பக்கத்தில் வேண்டாம், மேலே வையுங்கள்

லேப்டாப்புக்கு இன்னொரு திரை கோத்துத் தரச் சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள் என்பதைத்தான். வீட்டு மேஜை என்றால் ஒரு மானிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வம்பே வேண்டாம். ரயிலிலும் காபிக் கடையிலும் என்றால் திரையை மேலே அடுக்குங்கள்.

15.6 இன்ச் பேனல் (உறை இல்லாத வெறும் திரை) ஒன்றின் அகலமே ஏறக்குறைய 35 செ.மீ. இரண்டைப் பக்கவாட்டில் விரித்தால் எந்தச் சின்ன மேஜையும் தாங்காது. ஓரத்தில் தொங்கும் திரை ஹிஞ்சை, அதாவது கீலை, முறுக்கிக்கொண்டே இருக்கும். லெனோவோவின் திங்க்பேட் டபிள்யூ700டிஎஸ் மாடலில் 17 இன்ச் மூடிக்குள்ளிருந்து 10.6 இன்ச் திரை நழுவி வெளியே வரும். எடை 5 கிலோவை ஒட்டி! 2017-ல் ரேசர் காட்டிய மூன்று திரை 'புராஜெக்ட் வேலரி' விற்பனைக்கே வரவில்லை. ஆசுஸின் 2024 ஜென்புக் டுவோவைப் பாருங்கள்: 14 இன்ச் திரைகள் இரண்டு மேலும் கீழும், கழற்றி வைக்கும் கீபோர்டு, பாரம் தாங்க முதுகில் ஒரு ஸ்டாண்ட். கீபோர்டையும் சேர்த்து 1.65 கிலோதான். காப்பியடிக்க வேண்டியது இதைத்தான்.

சரி, நாமே செய்வதென்றால் முதல் சாமான் அட்டை. பேனல் அளவில் இரண்டு வெட்டி, டேப் போட்டு ஒட்டி, வழக்கமாக உட்காரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மேல் திரையைப் பார்க்கக் கழுத்து நிமிர்ந்தால் அளவைக் குறையுங்கள். 13.3 அல்லது 14 இன்ச் பெரும்பாலும் சரியாக வரும்.

அப்புறம் பேனல். பழைய லேப்டாப்பில் கழற்றியதே போதும். பின்னால் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பரைச் சொல்லி, அதற்கான ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) ஏற்றிய டிரைவர் போர்டாகக் கேளுங்கள்; லேப்டாப்பிலிருந்து வரும் படத்தைப் பேனலுக்குக் கொடுக்கும் சர்க்யூட் பலகை அது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருப் பக்கம் போனாலும் ஆன்லைனில் வாங்கினாலும் நம்பர்தான் பேச்சு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல பேனல்களில் சர்க்யூட் பட்டை கீழ் விளிம்பில் இருக்கும். அப்படியே அடுக்கினால் இரண்டு திரைக்கும் நடுவே தடித்த கறுப்புக் கோடு விழும். மேல் பேனலைத் தலைகீழாகப் பொருத்துங்கள். பட்டை உச்சிக்குப் போய்விடும். படத்தை டிஸ்ப்ளே செட்டிங்கில் 180 டிகிரி திருப்பிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனலில்தான் இது எடுபடும். டிஎன் வகைப் பேனலைத் தலைகீழாக்கினால், லேசாகச் சாய்த்தாலே நிறமெல்லாம் நெகட்டிவ் மாதிரி மாறிவிடும்.

பாரத்தை லேப்டாப் மூடியில் ஏற்றாதீர்கள். அதன் ஹிஞ்ச் ஒரு திரைக்குக் கணக்குப் போட்டது. மேல் திரைக்குத் தனி ஸ்டாண்ட் கொடுத்து, அதன் கால் மேஜையைத் தொடும்படி செய்யுங்கள்.

டைப்-சி ஓட்டை இருந்தாலே படம் வந்துவிடாது. அதன் வழியே படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எச்டிஎம்ஐ. டிரைவர் போர்டு 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். 5 என்றால் பவர் பேங்கிலேயே ஓட்டலாம். விமானத்தில் போகிறவர்கள் அந்தப் பவர் பேங்கின் கொள்ளளவை 100 வாட்-அவருக்குள் வைத்துக்கொண்டு, கைப்பையில் எடுத்துப் போங்கள்.