ஜூசர் வாங்குமுன் கடையிலேயே கழற்றிப் பாருங்கள்

எங்கள் வீட்டில் ஒரு பிளெண்டரும் இரண்டு ஜூசரும் இருக்கின்றன. ஜூசர்களில் ஒன்று அலமாரி உச்சியில் தூசி பிடித்துக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கியது, தூக்கிப் போட மனசு வரவில்லை. அது ஏன் மேலே போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் கூடையைக் கவனியுங்கள்

நான் இதைச் செய்யவில்லை. கரட் விளையும் மலையூரான நானுஓயாவில் இருந்துகொண்டு கரட்டைத் தவிர வேறு எதை நினைப்பது? ஜூசர் என்றால் கரட் ஜூஸ் என்று முடிவுகட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்டது பேஷன் ஃபுரூட்டும் பப்பாசியும்.

பப்பாசி, வாழை, மாம்பழம் எல்லாம் கூழாகத்தான் வரும். அவற்றுக்கு பிளெண்டர் போதும். பேஷன் ஃபுரூட்டுக்கும் அதுவே. சதையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று தரம் விட்டு விட்டு ஓட்டி வடிகட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விதை நொறுங்கி, கறுப்புத் தூள் தொண்டையில் கரகரக்கும். தோடம்பழமும் தேசிக்காயும் மட்டும்தான் என்றால் கையால் பிழிகிற கிண்ணம் ஒன்று போதும். கரட், பீட்ரூட், அன்னாசி, பேரிக்காய், இஞ்சி, வல்லாரை, இவற்றில் ஏதாவது வாரத்தில் நாலு நாளாவது குடிப்பீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

படி 2: வேகமா, மெதுவா

கடையில் இரண்டு வகை இருக்கும். வேகமான ஜூசரில் அடியில் துருவல் தட்டு, சுற்றிலும் வலைக் கூடை. நிமிடத்துக்கு 6,000 முதல் 14,000 சுற்று வரை சுழன்று, துருவி, சாற்றை வலை வழியாக வீசி எறியும். சத்தம் பக்கத்து லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடுகள்) கேட்கும். நுரை நிறைய. ஆனால் முழுக் கரட்டை அப்படியே உள்ளே விடலாம், இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். விலையும் குறைவு.

மெதுவான ஜூசரில் திருகு மாதிரி ஒரு தண்டு, நிமிடத்துக்கு 40 முதல் 100 சுற்றுதான். அரைத்து நசுக்கிப் பிழியும். சக்கை காய்ந்து வரும், சாறு கூடுதலாகக் கிடைக்கும். காய்களைச் சின்னதாக வெட்ட வேண்டும். பொறுமையும் வேண்டும், காசும் வேண்டும்.

வல்லாரை, கீரை என்று இலை குடிப்பவர்கள் யோசிக்காமல் மெதுவானதை எடுங்கள். வேகமானதில் இலை பாதி அப்படியே ஈரமாகச் சக்கையோடு போய்விடும். எங்கள் வீட்டில் அது மேலே போனதற்கு இது ஒரு காரணம். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு முன்னால் அவசரமாகக் கரட் மட்டும் பிழிகிறவர்களுக்கு வேகமானதே சரி.

வாட்ஸைப் பார்த்துக் கரண்ட் பில்லுக்குப் பயப்படாதீர்கள். 800 வாட்ஸ் மெஷினை 6 நிமிடம் ஓட்டினால் 0.08 யூனிட். அது ஒரு பொருட்டே இல்லை.

படி 3: கடையில் கழற்றுங்கள்

மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம் என்பது என் கட்சி. விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் குழாய்த் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், விரல் விறைத்துவிடும். அந்தத் தண்ணீரில் வலையைத் தேய்க்கப் போவது நீங்கள்தான். தேய்க்காமல் மாலை வரை விட்டால் சக்கை காய்ந்து ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும், அடுத்த நாள் சாறு இறங்காது.

அதனால் விற்பனையாளரிடம் கேட்டு, முழுவதையும் கழற்றி, திரும்பப் பூட்டுங்கள். எத்தனை துண்டு என்று எண்ணுங்கள். வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மூலைகளுக்குள் பிரஷ் போகுமா என்று பாருங்கள். சக்கை வெளியே வரும் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் போகாத இடத்தில் பூஞ்சைதான் போகும். வலையும் ரப்பர் வளையமும் தனியாக வாங்கலாமா என்று கேட்காமல் காசை நீட்டாதீர்கள். மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி இருந்தாலும் முதலில் போவது இந்த இரண்டும்தான்.

கழுவுவதற்கு ஒரு வழி: ஜூஸ் முடிந்ததும் மெஷினை நிறுத்தாமல் ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். பாதி அழுக்கு தானே இறங்கிவிடும். மீதிக்கு நைலோன் பிரஷ். கூடவே வரும் பிரஷ் பெரும்பாலும் சரிவராது. நான் பழைய டூத் பிரஷைத்தான் வைத்திருக்கிறேன்.

படி 4: கரண்ட்

நம் இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அக்கா, சித்தி யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மெஷின் என்றால் அடியில் உள்ள லேபிளைப் படிக்காமல் சொருகாதீர்கள். சவூதியில் முன்பு 127 வோல்ட் இணைப்பும் இருந்தது. லேபிளில் 110 அல்லது 127 மட்டும் போட்டிருந்தால் இங்கே புகைதான் வரும்.

13 அம்பியர் சதுர முள் பிளக்தான் 2017இலிருந்து நாட்டின் ஒரே தரம். பழைய வீடுகளிலும் லயங்களிலும் இன்னும் வட்ட ஓட்டைகள்தான். லூசான அடப்டரில் சொருகினால் அது சூடேறும். கை வைத்துப் பாருங்கள். சுட்டால் பிளக் பொயிண்டை மாற்றுங்கள். மாலையில் எல்லா வீட்டிலும் லைட் எரியும்போது வோல்டேஜ் இறங்குகிற இடமா? அந்த நேரத்தில் கரட் பிழியாதீர்கள். வேகம் குறைந்து, காய் மாட்டி, மோட்டார் சூடாகும்.

படி 5: முதல் நாள்

இங்கேதான் நான் மாட்டினேன். வேகமான ஜூசரைக் கண்டியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சொருகினேன், சுவிட்சைப் போட்டேன், சத்தமே இல்லை. பிளக் பொயிண்டை மாற்றினேன். பிளக்குக்குள் இருந்த ஃபியூஸையும் மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை அதைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். கடைத் தம்பி வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, கொக்கி போடும்போது டிக்குன்னு கேட்டுச்சா?"

கேட்கவில்லை. அவர் மூடியை ஒரு அழுத்து அழுத்திக் கொக்கியைப் போட்டார். டிக். மெஷின் கத்தியது. கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூடி சரியாகப் பூட்டாவிட்டால் மோட்டாருக்குக் கரண்ட் போகாதபடி உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. மெதுவான ஜூசரிலும் இருக்கும், அதில் மூடியில் உள்ள புள்ளியையும் கிண்ணத்தில் உள்ள கோட்டையும் நேராக வைத்துத் திருப்ப வேண்டும்.

பூட்டும் முறை இதுதான். கிண்ணத்தை வையுங்கள். வலைக் கூடையை இரண்டு கையாலும் ஒரே மாதிரி அழுத்துங்கள், ஒரு பக்கம் தூக்கி நிற்கக் கூடாது. மூடியைத் தட்டையாக வைத்து, மேலிருந்து அழுத்திக்கொண்டே கொக்கியைப் போடுங்கள். டிக் கேட்க வேண்டும். வெறுமனே ஐந்து விநாடி ஓட்டிப் பாருங்கள். கடகடவென்றால் வலை சரியாக உட்காரவில்லை. வேகம் பிடித்த பிறகுதான் கரட்டை விட வேண்டும். தள்ளுவதற்குக் கூட வந்த கட்டையை மட்டும் பயன்படுத்துங்கள். கரண்டி, விரல் கூடவே கூடாது.

பிறகு சேர்த்தது

வெலிமடையிலிருந்து ஒரு வாசகி, வல்லாரைத் தண்டு திருகில் சுற்றிக்கொண்டு மெஷின் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார். தண்டை ஒரு அங்குலமாக நறுக்கி, ஒரு பிடி இலை, ஒரு துண்டு கரட் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மாட்டினால் பின்னோக்கிச் சுற்றும் பொத்தானை அழுத்துங்கள். அது இல்லாத மெதுவான ஜூசரை வாங்க வேண்டாம் என்பேன்.

வெள்ளைப் பிளாஸ்டிக் முழுக்க மஞ்சளாகிவிட்டது என்று மூன்று பேர். கரட்டின் நிறம் எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, அப்புறம் சோப் போடுங்கள்.

லயத்துச் சமையலறையில் இதையெல்லாம் வைக்க இடமில்லை என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்படியானால் ஜூசரே வேண்டாம். கரட்டைத் துருவி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு பிளெண்டரில் அடித்து, மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டிப் பிழியுங்கள். ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று பேருக்கு மேல் என்றால் மணிக்கட்டு வலிக்கும்.