பழைய சோலாரிஸ் சர்வர் தானாக விழுந்து எழுந்தால் எங்கிருந்து பார்ப்பது?

பல்லடம் பக்கம் ஒரு நூல்மில்லில் சம்பளக் கணக்கும் பஞ்சு இருப்பும் இன்னமும் ஒரு சன் பயர் வி240 சர்வரில்தான் ஓடுகின்றன. உள்ளே சோலாரிஸ் 10 என்ற இயங்குதளம். அது வெளிவந்தது 2005-இல். அதைச் செய்த சன் நிறுவனத்தையே 2010-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது, மில்லில் பெட்டி மட்டும் மாறவில்லை. போன ஆடியில் இரண்டு வாரத்துக்குள் ஆறு தடவை அது தானாக விழுந்து எழுந்தது, அதாவது நின்றுபோய்த் தானே மறுபடி ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் நைட் ஷிப்டிலிருந்து எலக்ட்ரீசியன் அண்ணன் கூப்பிடுவார்: "ஏனுங் தம்பி, மறுக்காவும் பொட்டி படுத்து எந்திரிச்சிருச்சுங்க."

ஆபீசில் எல்லாரும் சொன்ன காரணம் "பழசாயிருச்சு". பழசு என்பது வயசு. அதை வைத்து எந்தப் பாகத்தை மாற்றுவது?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நான் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்க. ரூட் (முழு நிர்வாகி) அனுமதி வேண்டும்.

முதல் படி: எதையும் தொடாமல் லாக்கை (பெட்டி நடந்ததை எழுதி வைக்கும் பதிவை) நகல் எடுங்க

/வார்/அட்ம்/மெசேஜஸ் என்ற கோப்புதான் சாட்சி. அதன் பழைய பிரதிகள் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போட்டு அங்கேயே இருக்கும். சோலாரிஸ் இவற்றைச் சுழற்றிச் சுழற்றி வைத்துப் பழசை அழித்துவிடும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் சாட்சி போய்விடும். ஐந்தையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டாம் படி: எப்போது விழுந்தது?

லாஸ்ட் ரீபூட் என்று அடித்தால் பெட்டி எழுந்த நேரங்கள் வரிசையாக வரும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்க. டேட் என்று அடித்துக் கடிகாரம் சரியா என்றும் பாருங்க. பெட்டியின் கடிகாரம் இருபது நிமிஷம் பிந்தியிருந்தால் பின்னால் வரும் எல்லாப் பொருத்தமும் கோணிப்போகும்.

மூன்றாம் படி: விழுமுன் ஏதாவது சொன்னதா?

எனக்கு இதுதான் முக்கியமான படி. மெசேஜஸ் கோப்பில் "சன்ஓஎஸ் ரிலீஸ் 5.10" என்று தொடங்கும் வரியைத் தேடுங்க. அது பெட்டி எழும்போது எழுதும் முதல் வரிகளில் ஒன்று. அதிலிருந்து மேலே நகர்ந்து அதற்கு முந்தைய வரிகளைப் படியுங்க. மூன்று விதமாக இருக்கலாம்.

"சிஸ்லாக்டி: கோயிங் டவுன் ஆன் சிக்னல் 15" என்று இருந்தால், முறைப்படி நிறுத்தப்பட்டிருக்கிறது. யாரோ ரீபூட் கொடுத்திருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறது. வன்பொருளைத் திறக்கும் முன் ஆட்களை விசாரியுங்க. சங்கடமான வேலைதான்.

"பேனிக்" என்று இருந்தால், அல்லது எழுந்த பிறகு "சேவ்கோர்: ரீபூட் ஆஃப்டர் பேனிக்" என்று இருந்தால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலே தாங்காமல் நிறுத்தியிருக்கிறது. அந்த வரியை முழுசாக எழுதி வையுங்க.

ஒன்றுமே இல்லாமல், சாதாரண வரி ஒன்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில் சட்டென்று "சன்ஓஎஸ் ரிலீஸ்" வந்தால், பெட்டிக்கு எழுத நேரமே கிடைக்கவில்லை. கரண்ட் போயிருக்கும், இல்லையென்றால் வன்பொருள் ரீசெட் ஆகியிருக்கும்.

எங்கள் ஆறில் ஐந்து இந்த மூன்றாம் வகை. ஒன்று மட்டும் பேனிக்.

நான்காம் படி: கரண்ட்

அந்த ஐந்து நேரங்களையும் எடுத்துக்கொண்டு பவர் ரூமுக்குப் போனேன். ஈபி எப்போது போனது, ஜெனரேட்டர் எப்போது ஏறியது என்று அண்ணன் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வீசுகிற மாசம். லைன் டிரிப் ஆகாத ராத்திரி குறைவு. ஐந்தும் நோட்டோடு ஒத்துப்போயின. ஆனால் ஈபி போன எல்லா நேரத்திலும் பெட்டி விழவில்லை, சில தடவைதான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

யூபிஎஸ் முகப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பச்சை விளக்கை நம்பாதீங்க. பேட்டரி தளர்ந்திருந்தால் சும்மா இருக்கும்போது வோல்டேஜ் நன்றாகவே காட்டும், லோடு ஏறிய நொடியில் சரியும். லோடோடு சோதித்ததில் இரண்டு பேட்டரிகள் அப்படியே படுத்தன.

இன்னொரு கூத்து: வி240-க்கு இரண்டு பவர் சப்ளை. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். எங்களுடையதில் இரண்டு வயரும் ஒரே யூபிஎஸ்ஸில், ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில்! ஒன்றை வேறு லைனுக்கு மாற்றினேன்.

கரண்ட் திரும்பியதும் பெட்டி தானாக எழுவது ஏலாம் என்ற கண்காணிப்புப் பலகையின் ஒரு அமைப்பைப் பொறுத்தது. பெயர் எஸ்சி_பவர்ஸ்டேட்மெமரி. எங்களுடையதில் அது ட்ரூ என்று இருந்தது. அதனால் காலையில் வருகிறவர்களுக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். கன்சோலில் #. என்று அடித்தால் ஏலாமுக்குள் போகலாம். ஷோலாக்ஸ், ஷோஎன்விரான்மென்ட் இரண்டையும் பாருங்க.

ஐந்தாம் படி: சூடும் பஞ்சும்

பிஆர்டிடையக் ஹைபன் வி என்று அடித்தால் வெப்பநிலையும் விசிறிகளின் நிலையும் தெரியும். நூல்மில், விசைத்தறி, பனியன் கம்பெனி என்று நம் பக்கத்தில் சர்வர் இருக்கிற இடமெல்லாம் பஞ்சுத் தூசிதான். மூடியைக் கழற்றினால் ஹீட்சிங்க் மேல் மெத்தை விரித்த மாதிரி கிடக்கும். பெட்டியை அணைத்து, இரண்டு பவர் வயரையும் உருவிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்க. மில் கம்ப்ரஸர் காற்று வேண்டாம். ஈரமும் எண்ணெயும் சேர்ந்து வரும். ஆனால் ஒன்று: அளவுக்கு மீறிச் சூடானால் இந்த வகைப் பெட்டி அணைந்து அப்படியே கிடக்கும். விழுந்த வேகத்தில் எழுந்திருந்தால் சூட்டின் மேல் பழி போடும் முன் நான்காம் படிக்குத் திரும்புங்க.

ஆறாம் படி: அந்த ஒரு பேனிக்

முதலில் டம்ப்அட்ம் என்று அடித்து, சேவ்கோர் (விழுந்த நேரத்து மெமரியின் நகலைக் கோப்பாகச் சேமிப்பது) இயங்குகிறதா என்று பாருங்க. இயங்கினால் /வார்/கிராஷ் கீழே சர்வர் பெயரில் உள்ள அடைவில் யுனிக்ஸ்.0, விஎம்கோர்.0 என்று இரண்டு கோப்புகள் இருக்கும். அங்கே போய் எம்டிபி 0 என்று அடியுங்க. உள்ளே ::ஸ்டேட்டஸ் என்றால் பேனிக்கின் காரண வரி வரும். ::எம்எஸ்ஜிபஃப் என்றால் விழுவதற்கு முன் கர்னல் பேசிய கடைசிப் பேச்சு. ::ஸ்டேக் புதியவர்களுக்குப் புரியாது, கவலைப்படாதீங்க. நகல் எடுத்து வைத்தால் தெரிந்தவர்களிடம் காட்டலாம்.

எங்களுடையது மெமரிப் பிழை. எஃப்எம்அட்ம் ஃபால்ட்டி என்று அடித்ததும் எந்த ஸ்லாட் என்றே சொல்லிவிட்டது. சோலாரிஸ் 10-இல் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இது. ஐஓஸ்டாட் ஹைபன் ஈஎன் அடித்து டிஸ்க்கில் ஹார்ட் எரர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்தேன், சுத்தம்.

உடனே புது மெமரி வாங்க ஓடவில்லை. இந்தப் பெட்டியில் மெமரி ஜோடி ஜோடியாகத்தான் போடவேண்டும். அந்த ஜோடியை இன்னொரு பேங்கில் (ஸ்லாட் தொகுதியில்) இருந்த ஜோடியோடு இடம் மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். பிழை பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு கோளாறு, கூடவே நகர்ந்தால் மெமரி கோளாறு. நான்காம் நாள் எஃப்எம்அட்ம் புது ஸ்லாட்டைக் காட்டியது. கோயமுத்தூரில் பழைய சர்வர் உதிரி விற்கிற கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. மாற்றி, எஃப்எம்அட்ம் ரிப்பேர் கொடுத்து அந்தப் பிழைப் பதிவை மூடினேன்.

இப்போதும் அண்ணன் கூப்பிடுகிறார், ஜெனரேட்டர் டீசல் தீர்ந்ததற்கு.